ஒன்பதாவது பல்

இதமி பொருத்தாத இருக்கையில் இப்போதெல்லாம் யாரும் உட்காருவதில்லை. பேருந்தில் இதமி, அலுவலக நாற்காலியில் இதமி, கட்டிலில் இதமி, மாதா கோயில் பெஞ்சில்கூட இதமி. மருத்துவமனை வரிசையில் மட்டும் இல்லாமல் போகுமா? மூன்று மணி நேரம் காத்திருந்தும் அலுப்போ முதுகுவலியோ தெரியாமல் சவரிமுத்துவும் ஜெசிந்தாவும் டாக்டரம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"எத்தனை மாசமா வலிக்குதும்மா?" என்று கேட்டார் டாக்டர், ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வலியா? எனக்கு வலியெல்லாம் இல்லையே. மோதிரம் கழண்டு சாம்பார்ல விழுந்துடுச்சு. உடம்பு இளைச்சிருக்கேன்னு இவருதான் பயந்து கூட்டிட்டு வந்தாரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கணையத்துல கட்டிம்மா. ஈரல் வரைக்கும் போயிருக்கு. இந்நேரம் நீங்க துடிச்சுப் போயிருக்கணும். வீட்டுல இதமி இருக்கா?"

"அது இல்லாத இடம் ஏது டாக்டர்?"

"அதானே பார்த்தேன். இப்ப வர்றவங்க எல்லாருமே இப்படித்தான், கடைசியிலதான் வர்றாங்க. அதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்!"

எதிரே உட்கார்ந்திருந்த புண்ணியவான் சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லிவிடாதபடி ஜெசிந்தா மேசைக்கு அடியில் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு என்றார் டாக்டர்.

எல்லாம் ஒரு மரத்தொடரியில், அதாவது ரோலர் கோஸ்டரில், ஆரம்பித்தது. கடற்கரைப் பூங்காவில் தேக்கும் இரும்புமாய் எழுப்பிய மலை, அதன்மேல் கடகடவென்று ஏறி இறங்கும் பெட்டிகள். ஒருமுறை போய்வந்தால் எலும்பெல்லாம் இடம் மாறியதுபோல் இருக்கும். ஆள் எகிறி விழாமலிருக்க மடிக்கு மேல் ஓர் இரும்புத் தண்டு இறங்கும். மடித்தண்டு என்பார்கள். அதன் பக்கவாட்டில் ஒன்பது பல். அழுத்த அழுத்த ஒவ்வொரு பல்லாக டக், டக் என்று மாட்டும். ஒல்லி ஆளுக்கு ஏழெட்டு, குண்டு ஆளுக்கு ஒன்றிரண்டு. வரிசையில் நிற்பவர்கள் அதை வாய்விட்டு எண்ணுவது அந்தப் பூங்காவின் வழக்கம்.

சவரிமுத்து அப்போது அங்கே இயந்திரப் பொறியாளர். பெண் பார்த்த பிறகு ஜெசிந்தாவை முதலில் கூட்டிப்போன இடமும் அதுதான். அன்றைக்கு அவள் ஐந்து. கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் "அஞ்சு" என்றுதான் அவளைக் கூப்பிட்டார். இரண்டு பிள்ளை பெற்றபின் ஒருநாள் ஏறினாள். டக், டக். அதோடு தண்டு நின்றுவிட்டது. "ரெண்டூ!" என்று வரிசையே ஊளையிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மனுஷனுக்குப் பொறுக்குமா? நான்கு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு இதமியைச் செய்தார். இரும்புக்குப் பதில் தோல்போல மெத்தென்ற ஒரு தண்டு. பல் கிடையாது, சத்தம் கிடையாது. உடம்பின் அளவைத் தானே அறிந்து அணைத்துக்கொள்ளும். பெட்டி எந்தப் பக்கம் குலுங்கினாலும் அதற்கு எதிர்ப்பக்கம் அசைந்து குலுக்கலைத் தின்றுவிடும். வலிக்கிற நரம்பு எதுவென்று கண்டுபிடித்து அதையும் தூங்கவைக்கும், எழுந்து போன பிறகும் அரைநாள் வரைக்கும் அது விழிக்காது. அவர் இதமிக்குக் கொடுத்த கட்டளைகளிலேயே அவருக்கு மிகவும் பெருமை இந்த ஒன்றில்தான்: உட்காருபவரின் உடல் மாறினால், அவருக்குத் தெரியாமல் நீயும் மாறிக்கொள். பூங்காவிலிருந்து பேருந்துக்கும், பேருந்திலிருந்து வீட்டுக்கும் அது போனது. இருபது வருஷத்தில் நாட்டில் முனகல் சத்தமே ஓய்ந்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் சவரிமுத்து தொடரியின் இதமி நினைவகத்தைத் திறந்தார். ஞாயிறு தவறாமல் இருவரும் ஏறுவார்கள், அவளுடைய கணக்கு அதில் இருந்தது. நாற்பது வாரமாக, அவள் இளைக்க இளைக்க, தண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருந்தது. முதலில் நடுமுதுகில் வலி, பிறகு விலாவில், பிறகு வயிறு முழுக்க. எல்லாவற்றையும் இதமி கண்டுபிடித்திருந்தது, எல்லாவற்றையும் தூங்கவைத்திருந்தது. ஒவ்வொரு வாரத்துக்கும் கடைசியில் ஒரே குறிப்பு: "இதம் முழுமை. குறை ஏதுமில்லை." அந்த நாற்பது வாரமும் பாவி மனுஷன் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முதல் வாரத்திலிருந்து மறுபடியும் படித்தார்.

ஜெசிந்தா அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "எனக்காகத்தானே பண்ணீங்க, விடுங்க" என்றாள். பிறகு, "பழைய பெட்டி ஒண்ணு ஷெட்டுல கிடக்குதுல்ல? அதுல என்னை ஒரு தடவை ஏத்துங்க. நல்லாக் குலுங்கணும்போல இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. தொடரி ஓட்டும் கபீர் பழைய பெட்டியைத் துடைத்துத் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தான். வெறும் மரப்பலகை. காலையில் கட்டிலை விட்டு எழுந்ததிலிருந்து இந்தச் சாயங்காலம் வரைக்கும் அவள் எந்த இதமியிலும் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சவரிமுத்துவே தண்டை அழுத்தினார்.

டக், டக். அவர் கை நின்றது.

"அழுத்துங்க" என்றாள்.

ஐந்தில் இன்னொரு முறை நின்றார். அவள் அவர் கைமேல் கை வைத்து அழுத்தினாள். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதோடு பல் தீர்ந்துவிட்டது. தண்டுக்கும் அவள் மடிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது.

கபீர் குனிந்து பார்த்துவிட்டு விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "சார்... இப்படி அனுப்ப முடியாது சார். தண்டு புடிக்கல."

"போகட்டும்பா" என்றாள் ஜெசிந்தா. பலகையில் சற்று நகர்ந்தவள் உதட்டைக் கடித்தாள். "என்னங்க, வலிக்குதுங்க."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டு இருபது வருஷமாகிறது. "எங்க வலிக்குதும்மா?" என்றார்.

அவள் அவர் கையை எடுத்து விலாவில் வைத்தாள். "இங்க." பிறகு முதுகில் வைத்தாள். "இங்கயும்." அவர் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கபீருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இதமி வச்ச பெட்டிய எடுத்துட்டு வரட்டுமா சார்? அம்மாவுக்கு ஒரு நிமிஷத்துல வலி போயிடும்."

சவரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்துட்டு வாப்பா" என்றாள் ஜெசிந்தா. "ஆனா கொஞ்சம் மெதுவா வா. இவரு இன்னும் கேட்டு முடிக்கல."