ஹார்லன் மாமாவின் வீடு எங்கே?

அன்று மாலை தூண்டில் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி ஐலீன், நான்காம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் டெல்லா, ஓரிடத்தில் நிற்காமல் கால் மாற்றிக்கொண்டிருந்த ஹார்லன். வாளியில் நெளிந்த புழுக்களையும் சேர்த்தால் பெரிய கூட்டம்.

ஏரியில் பனிக்கட்டி அப்போதுதான் உருகியிருந்தது. விடிந்ததும் ஹார்லன் படகில் ஏற வேண்டும். அதற்கு மீன்பிடி உரிமம் வேண்டும்; அதையும் இந்தக் கடையிலேயே எடுக்கலாம். அம்மாவின் கையெல்லாம் புழு மண். அதனால் டெல்லாதான் கணினியில் தட்டினாள்.

"அப்படியே வாக்காளர் பட்டியல்லயும் பேரைச் சேர்க்கவான்னு கேக்குது மாமா. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"சேர்த்துத் தொலை. சீக்கிரம்!"

"வீடு எங்க?"

"தெற்கு ஏரிப் பக்கம்."

டெல்லாவின் விரல் நின்றது. அவர் வீடு வடக்குத் தெருவில், அவளுடைய பள்ளிக்கு எதிரே இருந்தது. ஆனால் 'எங்கே' என்று யார் கேட்டாலும் ஹார்லன் வாயில் பொய்தான் வரும். அந்த ஊரில் மீன் பிடிப்பவர்கள் எல்லாருமே அப்படித்தான். மீன் கிடைக்கும் இடத்தை உண்மையாகச் சொன்னால் மறுநாள் அங்கே பத்துப் படகு நிற்கும்.

தெற்கு ஏரி வேறு ஊர். இந்த ஊரில் அடுத்த மாதம் வாக்கெடுப்பு. படகுத்துறையை வெளியூர்ப் படகுகளுக்கு மூடுவதா, வேண்டாமா? மூடினால் வெளியூர்க்காரர்கள் வரமாட்டார்கள். அப்புறம் கடையையும் மூட வேண்டியதுதான். ஹார்லனோ படகுக் கூட்டத்தைத் திட்டாத நாளே கிடையாது; மூடத்தான் ஓட்டுப் போடுவார்.

அம்மா டெல்லாவின் காதருகே குனிந்தாள். "சொன்னதையே போடு. நமக்கென்ன?"

டெல்லா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பின்னால் சாய்ந்தாள். மறுபடி நுனிக்கு வந்தாள்.

"சீக்கிரம், குட்டி! புழுவுக்கெல்லாம் வயசாகுது!"

"மாமா, எங்க மீன் பிடிக்கிறீங்கன்னு கேக்கல. எங்க தூங்குறீங்கன்னுதான் கேக்குது. மாத்திப் போட்டா இந்த ஊர்ல ஓட்டுப் போட முடியாது."

ஹார்லனின் காது சிவந்தது. "அட, பழக்கதோஷம்! வடக்குத் தெருன்னு போடு."

அம்மா அவருக்கான புழு டப்பாவின் மூடியைப் படாரென்று அடித்தாள்.

"நான் எதுக்கு ஓட்டுப் போடுவேன்னு தெரியும்ல?" என்றார் ஹார்லன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"உங்க வீடு அங்கதானே இருக்கு."

ஹார்லன் உரிமத்தைச் சட்டைப்பையில் திணித்தார். டப்பாவை எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இந்தக் கடை இல்லேன்னா, புழு வேற எங்க கிடைக்கும்?"

"தெற்கு ஏரியில."

"நெஜமாவா?"

"நான் மீன் பிடிக்கிறதில்ல மாமா. எடத்தை மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அவ்ளோ தூரமா!" என்று முனகிக்கொண்டே அவர் படியிறங்கினார். டெல்லா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.