வலது கையுறை

இடது கையுறை சில்லென்றிருந்தது. வலது கையுறை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டும் ஒரே பையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவை.

பஸ்ரா மாவு ஆலையின் கீழ்த்தளத்து சுவிட்ச் ரூமில் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் மிஜ்பில். மேலே ஊர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. இங்கே அழுது வடியும் ஒரு குழல் விளக்கு, பல்லில் ஒட்டும் மாவுத் தூசி, ரப்பர் வாடை. அதற்கும் அடியில் இன்னொரு வாடை, மூடிவைத்து மறந்துபோன இறைச்சிச் சட்டியைத் திறந்த மாதிரி, தொண்டையில் வந்து உட்காரும் இனிப்பு நாற்றம். அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கப் பிடிக்கவில்லை.

"கல்யாண மோதிரமா அது? இவ்வளவு நேரம் பாக்குற. மாட்டுய்யா அபூ நூர்," என்று மிஜ்பிலைப் பிள்ளையின் பெயரால் அழைத்தான் ஹாத்திம். இதே எலெக்ட்ரீஷியன் தேர்வில் போன வருடமே தேறியவன். தேநீர்க் கிளாஸோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"சாசிப் சாகும்போது போட்டிருந்தது இதுதானே?" என்றான் மிஜ்பில்.

"ஆலைக்கே ஒரு ஜோடிதான். சோப்பு போட்டுக் கழுவியாச்சு, பவுடரும் போட்டாச்சு. புதுப் பொண்ணு மாதிரி இருக்கு." சிரித்த ஹாத்திம் பாதியில் நிறுத்திக்கொண்டான். "நான்தான் அவன் கையிலேர்ந்து கழட்டுனேன். வரவே மாட்டேன்னு ஒட்டிக்கிட்டுச்சு. அப்புறம் திடீர்னு லேசா வந்துடுச்சு."

பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் ஃபாலிஹ் தொண்டையைச் செருமினார். "கதை போதும். எர்த் மாட்டுற வரைக்கும் கையுறை கழட்டக் கூடாது. கழட்டினா தோல்வி. அடுத்த வருஷம் வரைக்கும் கேபிள் சுமக்க வேண்டியதுதான். முதல்ல காத்துச் சோதனை."

கேபிள் சுருளின் எடை மிஜ்பிலின் முதுகுத்தண்டுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் நகர முடியாமல் பாயில் கிடந்தவன் அவன். இன்று தேறினால் அந்தச் சுமை இல்லை.

வலது கையுறையின் வாயைச் சுருட்டி, காற்றை விரல்களுக்குள் தள்ளி, கன்னத்தோடு வைத்தான். ஓட்டை இருந்தால் காற்று கன்னத்தில் படும்.

பட்டது. ஈரமாகப் பட்டது. பிறகு உள்ளே இழுத்தது.

"உஸ்தாத், கசியுது."

ஃபாலிஹ் வாங்கி அமுக்கினார். விரல்கள் ஐந்தும் விறைத்து நின்றன. "எங்கய்யா கசியுது? பயமா இருந்தா வீட்டுக்குப் போ."

மிஜ்பில் இடதை மாட்டினான். வலதுக்குள் கையை விட்டான். உள்ளே ஏற்கெனவே ஒரு உள்ளுறை இருந்தது. இந்த ஆலையில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். வியர்வைக்காக உள்ளே போடும் உள்ளுறையைத் தனியாகக் கழற்ற மாட்டார்கள், இரண்டையும் சேர்த்து உருவிப் பைக்குள் வீசிவிடுவார்கள். அடுத்தவன் அந்த ஈரத்துக்குள் கையை விட வேண்டும். கருமம் பிடித்தவர்கள். வழவழவென்று, கஞ்சி ஆடை மாதிரி விரல்களைச் சுற்றிக்கொண்டது.

சுவிட்சை இறக்கினான். பூட்டினான். சாவியைப் பையில் போட்டான். பயிற்சிப் பேனலில் டெஸ்டரை வைத்தான், மின்சாரம் இல்லை. பக்கத்துப் பேனலில் இருந்தது. சாசிப் செத்த பேனல். அதற்கு இன்னும் கதவு போடவில்லை, ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் கட்டியிருந்தார்கள். செப்புக் கட்டைகள் உள்ளே முனகிக்கொண்டிருந்தன.

உள்ளுறை சூடேறியது. மணிக்கட்டில் ஏதோ துடித்தது. அவன் நாடி வேகமாக அடித்தது. உள்ளுறையில் துடித்தது மெதுவாக அடித்தது.

"உஸ்தாத், கழட்டட்டுமா?"

"எர்த் மாட்டு முதல்ல."

நாற்றம் இப்போது அவன் கையிலிருந்தே வந்தது. பல்லைக் கடித்தான். எர்த் கவ்வியை எடுத்தான். கை நடுங்கியது. இடது கை மட்டும். வலது கை நடுங்கவில்லை. பழகிய கை மாதிரி, ஒரே திருகில் கவ்வியை மாட்டியது. அவன் இன்னும் திருக ஆரம்பிக்கவேயில்லை.

"வல்லாஹி, பிரமாதம்!" என்றார் ஃபாலிஹ். "தேறிட்டே. இப்பக் கழட்டு."

நெற்றி வியர்வையைத் தோளில் துடைக்கக் குனிந்தபோது, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தன்னுடைய உள்ளுறையைப் பார்த்தான். வெள்ளைத் துணி. ஹாத்திமின் உள்ளுறை ஹாத்திமின் பெல்ட்டில் தொங்கியது. சாசிப் எப்போதும் உள்ளுறை போட மாட்டான். கை நமைக்கும் என்பான்.

கையுறையை உருவினான்.

லேசாக வந்தது.

உள்ளுறை கையிலேயே தங்கிவிட்டது. மஞ்சளாக, மெல்லிசாக, சொட்டச் சொட்ட. உள்ளங்கையில் கருகிய பொத்தல். விரல் நுனிகளில் நகங்கள். அவற்றுக்கு அடியில், மங்கலாக, அவன் நகங்கள்.

கிளாஸ் உடையும் சத்தம் கேட்டது.

மிஜ்பில் கையை உதறப் பார்த்தான். கை கேட்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. விரிந்தன. திரும்பின.

சிவப்பு ரிப்பனை விலக்கின.