கோர்வைக்கு இரண்டு பேர்

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற சத்தத்துக்கு எவனும் பயந்ததில்லை. கான்ஸ்டபிள் தணிகாசலத்துக்குத்தான் அந்தக் கிரகம் பிடித்தது. நாற்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், காலையிலிருந்து இந்திராணி வீட்டு வாசற்படியில் காவல் இருந்தவன் மத்தியானம்தான் அதைக் கவனித்தான். உள்ளே இரண்டு பேர் சேர்ந்து நெய்கிற சத்தம் கேட்டது.

அவனும் தறிக்கார வீட்டில் பிறந்தவன்தான். உடலும் கரையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை அழுத்தி ஒருவர் புடவையின் உடலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிவார். அந்த வீட்டில் உடல் நெய்தவன் இந்திராணியின் புருஷன் மயில்வாகனம், கரை அவள். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லும் நோட்டீசுகளைப் தறிக்கான பாவு நூல் சுருளில் ஒளித்து ஊர் முழுக்கக் கொண்டுபோனதும் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

மயில்வாகனம் முந்தாநாள் லாக்கப்பில் அடி தாங்காமல் செத்துப்போனான். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் அவனைப் புதைத்த மூன்று பேரில் தணிகாசலமும் ஒருவன். இப்போது அவன் சட்டைப்பையில் இருந்த தாள், புருஷன் தப்பி ஓடிவிட்டதாக இந்திராணியே சொல்வதுபோல் எழுதப்பட்டிருந்தது. அவள் கைநாட்டு விழுந்தால் புதைத்தவர்கள் பிழைப்பார்கள். விழாவிட்டால் பழி முதலில் யார் தலையில் விழும்? மேலதிகாரிகள் கான்ஸ்டபிளுக்கு வக்கீல் வைக்கப்போகிறார்களா என்ன!

வாசலைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை. அவன் படியை விட்டு நகரவே இல்லை.

"உள்ள யாரும்மா?"

"நாங்கதாண்ணா."

எழுந்து போனான். கூடம் மழை இருட்டில் கிடந்தது. பட்டின் கஞ்சி வாசனையும் அணைந்த அடுப்பின் புகையும் கலந்து வந்ததற்கு அடியில், ஆற்றங்கரையில் ஈர மணலைத் தோண்டும்போது எழுமே, அந்தக் குளிர்ந்த வாடை அவன் மூக்கில் ஏறி நெஞ்சு வரைக்கும் இறங்கியது. இந்திராணி கரைப் பக்கம் உட்கார்ந்து நாடாவை எறிந்துகொண்டிருந்தாள். நெய்பவன் இடம் காலி. நூலை நெருக்குகிற பலகை தானாக முன்னால் வந்து அடித்தது.

ஏதோ கயிறு கட்டி இழுக்கிறாள். அப்படித்தான் இருக்கும்.

"கைநாட்டு வெச்சுடும்மா. ஓடிட்டாருன்னுதான் எழுதியிருக்குது. உனுக்கும் தொல்ல வுட்டுது."

"பக்கத்துல குந்திக்கினு நெய்றவர ஓடிட்டாருன்னு எப்டிண்ணா சொல்றது?"

"பைத்தியமா உனுக்கு? அவன் செத்—" நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க," என்றாள் இந்திராணி. "அத்ததான் சொல்லுங்க. எழுதிக் குடுங்க. அதுக்கு வேணா பத்து வெரலும் வெக்கிறேன்."

பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டியை இறுக்கினாள். பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஒடிச்சிக்கோங்க. வெக்க மாட்டேன்."

இழுபறியில் தாள் நழுவித் தறிக்குழிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தான்.

குழிக்குள் இரண்டு கால்கள்.

மிதியை மாற்றி மாற்றி அழுத்தின. விரல் இடுக்கில் ஈர மணல். முழங்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை.

கால்கள் நின்றன.

"எடுங்கண்ணா," என்றாள் அவள். குரலில் நடுக்கமே இல்லை. "எடுத்து அவருக்குப் படிச்சுக் காட்டுங்க."

ஓட நினைத்தான். உடம்பு கேட்கவில்லை. தாள் எப்படிக் கைக்கு வந்ததென்று தெரியவில்லை. வாய் தானாகப் படித்தது.

"மேற்படி... மயில்வாகனம்..."

கால்கள் அவன் பக்கம் திரும்பின.

"சத்தமா."

"போலீஸ் காவலிலிருந்து... தப்பி..."

ஒரு கால் மிதியை விட்டு எழுந்தது. குழி விளிம்பில் ஊன்றியது.

"நிறுத்தாதீங்க. முழுசா படிங்க."

"ஓடி..."

தாளின் மேல் மணல் உதிர்ந்தது. அடுத்த காலும் ஏறியது.