நூறாவது கழுத்து

முதல் முறை அளந்தபோது பதினான்கு மில்லிமீட்டர். இப்போது பதிமூன்று.

அன்புமணிக்கு எரிச்சல்தான் வந்தது. அதே படம், அதே கணினி, அதே ஐந்தாவது கழுத்தெலும்பு. எலும்புக்குப் பின்னால் தண்டுவடம் இறங்குகிற பாதையின் முன்சுவரில் ஒரு புள்ளி, பின்சுவரில் ஒரு புள்ளி வைத்தால் அகலம் எவ்வளவு என்று திரையில் எண் வந்துவிடும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்த ஸ்கேன் சென்டரில் பன்னிரண்டு வருடமாக அவன்தான் டெக்னீஷியன். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கும் டாக்டர் சூசைமாணிக்கத்தின் ஆய்வுக்காக, நோயில்லாத நூறு கழுத்துகளை இரண்டிரண்டு முறை அளக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது ஒழுங்காக வந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் மல்லுக்கு நின்றது.

அது யாருடைய கழுத்து என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஆள் குறைந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை மனைவி சத்யபிரியாவைக் கூட்டிவந்து மெஷினில் படுக்கவைத்தான். பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு, நூறைக் கணக்காக்கிவிட்டான்.

மத்தியானம் மூன்று மணி. கீழே பிரியாணிக் கடையில் மசாலா வதக்கும் வாசனை ஏசி வழியாக ஏறி ஸ்பிரிட் நெடியோடு கலந்து குமட்ட, பக்கத்து அறையில் மெஷினைக் குளிர்விக்கும் பம்பு ஒரே சீராகக் கீச்சிட்டுக்கொண்டிருக்க, அவன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி புள்ளி வைத்தான்.

பன்னிரண்டு.

செல்போன் அடித்தது. சத்யபிரியா.

"என்னங்க, வெங்காயம் நறுக்க முடியல. வெரலெல்லாம் மரத்துப் போச்சு. கத்தி கையிலயே நிக்க மாட்டேங்குது."

"செத்த நேரம் படு. நானே இங்க கடுப்புல இருக்கேன்."

வைத்துவிட்டு டாக்டரை அழைத்தான்.

"நூறாவது படம் நிக்கவே மாட்டேங்குது சார். அளக்க அளக்கக் கொறையுது."

"படம் எப்படிப்பா கொறையும்? ஒன் கண்ணு கொறையுதுன்னு சொல்லு. எனக்கு அனுப்பு. இப்ப கிளாஸுக்குத்தான் போறேன், முப்பது பேரு இருக்காங்க. ஆளுக்கு ஒரு தடவ அளந்து நம்ம அட்டவணையிலயே போடட்டும். சராசரி எடுத்துக்குவோம்."

சனியன் விட்டது என்று அனுப்பினான். அனுப்பிய பிறகும் மனம் ஆறவில்லை. கடைசியாக ஒரு தடவை, வீம்புக்கு.

பதினொன்று.

செல்போன்.

"என்னங்க... காலு வரல. அடுப்படியில விழுந்து கெடக்கேன்."

அவன் திரையைப் பார்த்தான். அளந்த நேரம் ஓரத்தில் இருந்தது. மூன்று ஏழு. மூன்று பதினைந்து. செல்போனைப் பார்த்தான். அவள் அழைத்த நேரம். மூன்று ஏழு. மூன்று பதினைந்து.

பத்துக்குக் கீழே போனால் தண்டுவடம் நசுங்கத் தொடங்கும். அவனுக்கு அது மனப்பாடம்.

"சத்யா, வைக்காத. அப்படியே இரு."

சென்டர் போனை எடுத்து டாக்டரை அழைத்தான். சுவிட்ச் ஆஃப். கிளாஸில் இருந்தால் எப்போதும் சுவிட்ச் ஆஃப்தான். படத்தை அழித்தான். அழிந்தது. ஆனால் அங்கே முப்பது திரைகளில் அது திறந்திருக்கும்.

அவன் திரையில் திறந்திருந்த பொது அட்டவணையில் முப்பது காலிப் பெட்டிகள்.

முதல் பெட்டி நிரம்பியது. பத்து புள்ளி நான்கு.

செல்போனுக்குள் ஒரு சத்தம். விரலைச் சொடக்கு எடுப்பதுபோல.

"யாரோ... கழுத்தப் புடிச்சு..."

"சத்யா!"

ஒன்பது புள்ளி ஏழு. சொடக்கு.

"மூச்சு..."

ஒன்பது. சொடக்கு.

எட்டு புள்ளி இரண்டு.

அடுப்பில் எதுவோ கருகிப் பொரிகிற சத்தம் மட்டும். அதற்கு அடியில், மிக மெல்ல, காற்று உள்ளே போக இடம் தேடுகிற சத்தம்.

ஏழு.

சொடக்கு.

ஆறாவது பெட்டியில் யாரோ எண்ணை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அதற்குக் கீழே இன்னும் இருபத்து நான்கு பெட்டிகள் காலியாக இருந்தன.