முப்பத்தெட்டுப் படிகள்

2012 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, ஸ்டுட்கார்ட் நகரின் ஹெஸ்லாக் பகுதியில், தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் கற்படிகளில் ரோஸ்விதா மெர்க்லெ வழுக்கி விழுந்தாள். வயது அறுபத்தாறு. ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. அந்த வாரம் படி கூட்டும் முறை அவளுடையதே என்று போலீஸ் குறித்துக்கொண்டது.

அடுத்த வாரச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அதே வீட்டின் நடு மாடியில் கெர்லிண்ட் பெக் பருப்பில் வினிகர் ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தபோது, வெளிப்படியில் துடைப்பச் சத்தம் கேட்டது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு, கடைசியில் கல்லில் ஒரு தட்டு. அந்தத் தாளத்தை முப்பது வருடம் கேட்டிருக்கிறாள். மேல்மாடி ரோஸ்விதா மட்டும்தான் அப்படிக் கூட்டுவாள்.

கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். அந்தச் சரிவில் ஒரு வீட்டின் நிலவறை அடுத்த வீட்டின் கூரை உயரத்தில் இருக்கும். எந்த ஜன்னலில் நின்றாலும் இருபது குடும்பத்தின் வாசல் தெரியும். தெருவிளக்கு வெளிச்சத்தில் முப்பத்தெட்டுப் படிகளும் ஈரமாக மின்னின. ஆள் யாரும் இல்லை. சத்தம் மட்டும் ஒரு படி மேலே ஏறியது.

கதவு மணி அடித்தது. தரைத்தள டெமிர், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். கையில் துடைப்பம்.

"என்ன ஃப்ராவ் பெக், என் வேலையப் பறிச்சிட்டீங்க? இந்த வாரம் எங்க முறையாச்சேன்னு வந்தா, படி கண்ணாடி மாதிரி கெடக்கு. எம்பொண்டாட்டி பார்த்தா உங்கள வச்சே என்னைத் திட்டுவா."

"நான் எங்க கூட்டினேன்?"

"சும்மா அடக்கமா பேசாதீங்க. கூட்டுற முறை அட்டை உங்க கதவுலதானே தொங்குது. நேத்து என் கதவுல இருந்துச்சு." சிரிப்பு நின்றது. "ஆனா தண்ணி எதுக்கு ஊத்துனீங்க? மைனஸ் பன்னெண்டு டிகிரி குளிரு. ஆறரைக்கு ரோஸ்விதாவோட பையன் வீட்ட காலி பண்ண வர்றான். அம்மா விழுந்த எடத்துலயே அவனும் விழணுமா?"

"நான் ஊத்தல."

"சரி, யாரு ஊத்துனா என்ன. மணலையாவது தூவுங்க. அட்டை உங்க கதவுல. ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பாங்க." அவர் இறங்கிப் போனார். கீழே கதவு சாத்தப்பட்டது.

'கூட்டும் வாரம்' என்று எழுதிய மர அட்டை அவள் கதவில் கயிற்றோடு தொங்கியது. மூன்று வீட்டாரிடையே அது முறை மாறும். அது எவர் கதவில் இருக்கிறதோ அவர் பனி தள்ள வேண்டும், சரளைமணல் தூவ வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அது இதே கதவில்தான் தொங்கியது. குளிருக்குச் சோம்பி கெர்லிண்ட் மணல் தூவவில்லை. விழுந்த சத்தம் கேட்டு ஜன்னலில் பார்த்தாள். கீழே ரோஸ்விதா மல்லாந்து கிடந்து கையை அசைத்தாள். கெர்லிண்ட் முதலில் அட்டையைக் கழற்றி, மாடியேறி, ரோஸ்விதாவின் கதவில் மாட்டினாள். அப்புறம்தான் ஃபோன் செய்தாள். அதற்குள் நான்கு நிமிடம் போயிருந்தது.

இப்போதும் அவள் முதலில் அட்டையைத்தான் பிடித்து இழுத்தாள். டெமிரின் கதவுக்கு எடுத்துப்போக. கயிறு ஆணியோடு உறைந்திருந்தது. விரல் தோல் பனியில் ஒட்டிப் பிய்ந்தது.

வெளியே ஒரு தட்டு. இன்னும் ஒரு படி மேலே.

பையன் விழுந்தால் விசாரணை மறுபடி தொடங்கும். போன வாரத்தைக் கிளறுவார்கள். கெர்லிண்ட் கோட்டு மாட்டி, மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் திறந்தாள். சத்தம் நின்றது. விறகுப் புகை வாசமும் ஈரக் கல் வாசமும் வந்தன. எதிர்ச் சரிவில் ஜன்னல் திரைகள் எல்லாம் மூடியிருந்தன.

மேல்படியில் ஒரு கைப்பிடி தூவினாள். கால் ஊன்றிப் பார்த்தாள், வழுக்கவில்லை. அடுத்த படி. அடுத்தது. எண்ணிக்கொண்டே இறங்கினாள். ஐந்தாவது படியில் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இரண்டு சின்ன இழுப்பு. ஒரு நீள இழுப்பு.

திரும்பினாள். தூவிய மணல் இல்லை. நான்கு படிகளும் சுத்தமாக இருந்தன. மேல்படியிலிருந்து தண்ணீர் மெல்ல வழிந்து வந்தது.

மேலே போக முடியாது. இறங்கத்தான் வேண்டும். ஆறு. ஏழு. அவள் தூவினாள். பின்னால் கூட்டியது. வேகமாகத் தூவினாள். வேகமாகக் கூட்டியது.

"என் முறைதான் ரோஸ்விதா," என்றாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன. "என் முறைதான். போதுமா? நாளைக்கே போலீஸ்ல சொல்றேன்."

தட்டு. மிக அருகில்.

பதினைந்து. வாளியில் விரல் தகரத்தைத் தொட்டது. பதினாறு. மணல் இல்லை. பதினேழு.

காலணிக்குள் தண்ணீர். குளிர். கத்த வாய் திறந்தாள்.

இப்போது முன்னால், கீழ்ப்படியிலிருந்தும் துடைப்பச் சத்தம்.

பையன் அன்று வரவில்லை. கார் கிளம்பவில்லை என்று டெமிருக்கு ஃபோன் செய்திருந்தான். ஞாயிறு காலை ஏழு ஐந்துக்கு டெமிர் ரொட்டி வாங்கக் கதவைத் திறந்தார். பதினேழாவது படியில் கெர்லிண்ட் பெக் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. கணுக்கால் வரை பனிக்கட்டி. மற்ற முப்பத்தேழு படிகளும் உலர்ந்து, ஒரு துகள் மணல்கூட இல்லாமல் இருந்தன. தீயணைப்பு வீரர்கள் உளியால் வெட்டி அவள் உடலை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.