வாஃபிள் மேசை இடம் மாறியது

பனிக்கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆலயத்தில் முன்வரிசை நாற்காலிகள் தேயவே தேயாது. யாராவது உட்கார்ந்தால்தானே! புத்தம்புது மர ஆலயம், கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் கதவோரம் கடைசி வரிசைகளில்தான் உட்காருவார்கள். முன்னால் போனால், பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று நாலு பேர் நினைப்பார்களாம்.

தெற்கேயிருந்து வந்த புதுப் போதகர் ஹெர்டிஸுக்கு மெல்லிய குரல். உயரமான கூரை அதிலும் பாதியை விழுங்கிவிடும். மைக் வாங்கலாமா என்று ஊர்க்கூட்டத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் காபியும், அச்சில் சுட்ட வாஃபிள் பலகாரமும் சாப்பிட்டுப் போனபின், போதகர் கோப்பைகளைக் கழுவினார். பத்து வயதுச் சிறுமி தீரில் துடைத்து வைத்தாள். போதகரின் முகம் வாடிக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"இந்த ஊருக்கு என்னைப் பிடிக்கலை, தீரில். எவ்வளவு தள்ளி உக்கார்றாங்க பாரு. ஈஸ்டர் முடிஞ்சதும் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்."

தீரிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைகளோடு பனிச்சறுக்கில் போட்டிபோட்டு, தொப்பென்று விழுந்து, தானே சிரிக்கிற போதகர் வேறு எங்கே கிடைப்பார்?

பக்கத்து வீட்டு மீனவர் தோர்லெய்ஃபிடம் போய், முன்னால் உட்காரச் சொல்லிக் கெஞ்சினாள். போதகர் மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அவர். பிறகு காதைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"வாஃபிள் மேசை கதவுப் பக்கம்தானே இருக்கு. ஆராதனை முடிஞ்சதும் சூடா இருக்கும்போதே எடுக்கணும். அதுக்காக ஓடினா அசிங்கம். பக்கத்துலயே உக்காந்துட்டா யாரு என்ன சொல்ல முடியும்?"

அட, இவ்வளவுதானா!

அடுத்த ஞாயிறு வாஃபிள் சுட வேண்டியது தீரிலின் அம்மாவின் முறை. இருவரும் சீக்கிரமே வந்து, மேசையைத் தூக்கி முன்வரிசைக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். மேசையைப் பார்த்தார்கள். கடைசியில் தோர்லெய்ஃப் இருமினார். கண் கொஞ்சம் மங்கல், முன்னால் இருந்தால் தேவலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். ஒருவருக்கு முதுகில் குளிர்காற்று. இன்னொருவருக்கு ஜன்னல் வழியே படகைப் பார்க்க வேண்டுமாம். முன்வரிசைகள் நிரம்பிவிட்டன.

போதகர் பிரசங்கம் செய்ய எழுந்தார். பிறகு, தொலைந்த ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பனியில் தான் தொலைந்த கதையில் போய் நின்றார். ஆலயமே வயிறு குலுங்கச் சிரித்தது. வாஃபிளை மறந்து கேட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் தோர்லெய்ஃப் கையில் வாஃபிளோடு போதகரிடம் வந்தார்.

"நல்லாத்தானே பேசுறீங்க. இத்தனை நாளா ஏன் சும்மா வாயசைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

போதகர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சட்டையெல்லாம் கொட்டியது.

ஈஸ்டர் வந்தது, போனது. போதகர் மட்டும் போகவில்லை.