மடியில் பத்து நிமிடம்

கட்டு மறுபடியும் நனைந்திருந்தது. பதினோரு வருடமாக ஆறுவதும் திறப்பதுமாக இருந்த வலது தொடைப் புண்ணை ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, போன வாரம்தான் மூடி அனுப்பியிருந்தார்கள். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட பஞ்சை இழை இழையாக எடுத்தான். மருந்து நெடிக்கு அடியில் ஈர இரும்பின் வாடை. அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இன்னைக்குமா?" கதவுக்கு வெளியே மனைவி.

"ஆமா."

"கதிர்வீச்சு அன்னைக்கே போயிடுச்சு. அது தொடங்கி வெச்சதுதான் இன்னும் ஓடுது. உள்ள ஒவ்வொரு செல்லா துருப்பிடிக்குதுன்னு வெச்சுக்குங்க," என்றிருந்தார் டாக்டர். குழாய்களைக் கதிரால் படமெடுத்துத் துருவும் விரிசலும் தேடுவதுதான் அவன் பிழைப்பு. என்னிடமேயா என்று அன்று சிரித்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில், வேலையிடத் தரையில் கிடந்ததைக் கழன்ற திருகாணி என்று நினைத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அது கதிர்க் கருவியிலிருந்து விழுந்த துண்டு. கதிரளவு கூடினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று, அளவு காட்டும் பேட்ஜை அங்கே எல்லோரும் லாக்கரிலேயே விட்டுவிடுவார்கள்; அதனால் எதுவும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுப் போன பிறகுதான் எடுத்தேன் என்றான் மனைவியிடம். பொய். வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதே அது பாக்கெட்டில் இருந்தது. நான்கு மாத மகள் அந்தத் தொடைமேல் வலது காது பட தலைசாய்த்துப் பத்து நிமிடம் தூங்கினாள்.

மகளுக்கு முடி வளர்ந்த நாள் முதல் தலை வாருவது அவன்தான். "எந்த வீட்லயாவது அப்பா பின்னல் போடுவாரா? என்னைக் கிட்டவே விடமாட்டாரு," என்று மனைவி கிண்டல் செய்வாள். அவன் வலது காதுக்குப் பின்னால் விரலால் துழாவுவான். ஒன்றும் இருக்காது. மறுநாளும் துழாவுவான்.

ஒரு மாதத்துக்கு மேலாகி இன்றுதான் சீப்பை எடுத்தான். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவின் கீறல் சத்தம். ஜன்னல் வெளிச்சம். சீப்பு எதிலோ தட்டி நின்றது.

முடியை விலக்கினான். சின்ன வட்டம். பளபளப்பு. இறுக்கம்.

அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் உணர்ச்சி போகும்.

இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கு. சீப்பால் மெல்ல அழுத்தினான். இன்னும் கொஞ்சம். வலிக்குதுன்னு சொல்லு. சொல்லு கண்ணு.

முடி கொத்தாகக் கையோடு வந்தது. அவன் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தான்; சீப்பின் பற்கள் தோலுக்குள் இறங்கியிருந்தன.

மகள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்ப்பா கையை எடுத்துட்ட? நேரமாச்சு, வாரு," என்றாள்.